இருட்டுக் கோட்டையும் திறந்த வானமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

வீடியோ விளையாட்டைப் பற்றிக் கல்லூரி ஆண்டு மலரில் எழுதப் போகிறேன் என்றதும் நண்பர்கள் சிரித்தார்கள். சினிமாவைப் பற்றி எழுதலாம், கிரிக்கெட்டைப் பற்றி எழுதலாம், இதைப் பற்றி எழுதக் கூடாதா என்று நான் திருப்பிக் கேட்டேன். பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். பணம் கட்டி ஆடும் சூதாட்டத்திற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஓவியமும் இசையும் கதையும் கட்டடக் கலையும் ஒன்றுசேர்ந்த ஒரு வகை விளையாட்டைப் பற்றியும், அதில் என்னைக் கவர்ந்த ஒரு சிறு பகுதியைப் பற்றியும் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த வகைக்குக் 'கோதிக்' விளையாட்டுகள் என்று பெயர். கோதிக் என்றால் என்ன? விடை தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் தெப்பக்குளத்தருகே நின்று லூர்து அன்னை ஆலயத்தை அண்ணாந்து பாருங்கள். வானைக் குத்தும் கூர்ங்கோபுரம், கூர்முனை வளைவுகள், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். 12ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் தோன்றிய கட்டடப் பாணி அது. அந்தப் பாணியைப் பின்பற்றி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் ஊரில் எழுந்தது இந்த ஆலயம். பிற்காலத்தில், பாழடைந்த பழங்கோட்டைகளில் நடக்கும் திகில் கதைகளுக்கும் கோதிக் என்ற பெயர் வந்தது. 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை' அவற்றுள் முதலாவது என்பர். 1897இல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' வந்தது. 1986இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் டிராகுலாவின் கோட்டையை 'காசில்வேனியா' என்ற வீடியோ விளையாட்டாக்கியது. இருண்ட தாழ்வாரங்கள், நிலவறைகள், எலும்புக்கூடுகள், எங்கிருந்தோ பறந்து வரும் வௌவால்கள் என்று அதன் வழியில் வந்த விளையாட்டுகள் பல.

இவற்றை ஆடும் என் நண்பர்களிடம், 'உனக்கு மிகவும் பிடித்த இடம் எது?' என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் சொன்னது கோட்டையின் உட்புறத்தை அன்று. மதில்மேல் நடக்கும் பாதை, இரண்டு கோபுரங்களுக்கு இடையே உள்ள பாலம், நிலவொளி விழும் முற்றம் இப்படி ஏதேனும் ஒரு திறந்தவெளியைத்தான். எனக்கும் அவைதாம் பிடிக்கும். கோட்டைக்குள் நடக்கும் விளையாட்டில் கோட்டையைவிட்டு வெளியே வரும் இடம் ஏன் பிடிக்க வேண்டும்? இதுவே என் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்குள் எழுந்த காலத்தைச் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நான் பள்ளி மாணவன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு ஒண்டுக் குடித்தனத்தில் நாங்கள் நால்வர். ஓர் அறை, ஒரு சன்னல், அந்தச் சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். அம்மா பூக்கட்டி விற்பவர். கோயில் நடை அடைத்திருந்தது. பூ வாங்க ஆளில்லை. ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறந்து, காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஆறு எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அம்மா விடவில்லை.

பக்கத்துக் குடித்தனத்தில் மாமா மகன் இருந்தான். 1997இல் பிளேஸ்டேஷனுக்காக வெளிவந்த 'காசில்வேனியா: சிம்பொனி ஆஃப் தி நைட்' என்ற விளையாட்டு அந்த 2020 மார்ச்சில்தான் செல்போனுக்கு வந்திருந்தது. அவன் அதை விலைகொடுத்து வாங்கியிருந்தான். இரவில் அரைமணி நேரம் எனக்குத் தருவான். அந்த அரைமணியில் நான் எலும்புக்கூடுகளோடு போரிட்டதைவிட, கோட்டையின் வெளிச்சுவரிலும், மேலே ஏறும் நெடிய படிக்கட்டுகளிலும் சும்மா நின்றதுதான் அதிகம். பின்னால் வானம் தெரியும். அவ்வளவுதான். அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன்டா, வெளிய போக முடியலன்னு பாத்தா, நீ செல்லுக்குள்ள போய் உக்காந்துக்கிட்டியா?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது மூன்று பதில்கள் தெரியும்.

முதற்பதில் கண்ணைப் பற்றியது. இருட்டில் நம் கண் மெல்ல மெல்லப் பழகுகிறது. விழித்திரையின் குச்சி செல்களில் ரோடாப்சின் என்னும் நிறமி மீண்டும் சேர்ந்து, கண் இருளுக்கு முழுமையாகப் பழக ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். வெளிச்சத்திற்குப் பழகவோ சில நிமிடங்களே போதும். ஆகவே நெடுநேர இருளுக்குப்பின் வரும் ஒளி நமக்குத் திடீரென்று கிடைத்த பரிசுபோல் தோன்றுகிறது. விளையாட்டை அமைப்பவர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். மங்கிய அறைகளை அடுக்கடுக்காக வைத்துவிட்டு, அதன்பின் ஒரு கதவைத் திறந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் பதில் தொலைவைப் பற்றியது. சத்திரம் பேருந்து நிலையத்திற்கு வரும் பேருந்தில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது சன்னல் வழியே கவனித்திருப்பீர்கள். பாலத்தின் கைப்பிடிச் சுவர் விரைந்து ஓடும். ஆற்று மணல் மெதுவாக நகரும். மலைக்கோட்டையோ நம்மோடு கூடவே வருவதுபோல் நிற்கும். இதுதான் நாம் வகுப்பில் படித்த இடமாறு தோற்றம். பழைய தட்டை விளையாட்டுகளிலும் பின்னணியைப் பல அடுக்குகளாக வரைந்து, அருகில் உள்ள அடுக்கை வேகமாகவும் தொலைவில் உள்ளதை மெதுவாகவும் நகர்த்துவார்கள். உள்ளங்கையளவு திரையில் பல கல் தொலைவு தோன்றிவிடும். முப்பரிமாண விளையாட்டுகள் வந்தபோது தொலைவை வரைவது பெருஞ்சுமையாயிற்று. 1999இல் வந்த 'சைலன்ட் ஹில்' விளையாட்டில் ஊரெங்கும் மூடுபனி. தொலைவில் உள்ளதை வரைய அன்றைய இயந்திரத்திற்கு வலுவில்லை. அந்தக் குறையைப் பனியால் மறைத்தார்கள், அந்தப் பனியே அச்சமாயிற்று. திறந்தவெளியைக் காட்டுவது மலிவான வேலையன்று என்பதற்கு இது சான்று.

மூன்றாம் பதில்தான் முக்கியமானது. அதை எனக்குச் சொல்லித் தந்தது நம் ஊர்.

திருவரங்கம் கோயிலை எண்ணிப் பாருங்கள். 156 ஏக்கர் பரப்பு, ஏழு திருச்சுற்றுகள், 21 கோபுரங்கள். வெளிச்சுற்றுகளில் கடைகளும் வீடுகளும் பேருந்து இரைச்சலும். 236 அடி உயர ராஜகோபுரம் 1987இல் நிறைவுற்றது. அதைக் கடந்து உள்ளே போகப் போக வானம் குறைகிறது, கூரை தாழ்கிறது, ஒளி சுருங்குகிறது, முடிவில் ஒரு விளக்கின் ஒளி மட்டும். வெளியிலிருந்து உள்ளே, ஒளியிலிருந்து இருளுக்குப் போகும் வழி அது. மலைக்கோட்டையோ இதற்கு நேர்மாறு. மாணிக்க விநாயகரை வணங்கிவிட்டுப் படியேறத் தொடங்கினால், பாறையைக் குடைந்த வழியில் மூடிய படிக்கட்டு. கல்லின் குளிர்ச்சியும் எண்ணெய் வாடையும் கூடவே வரும். தாயுமானவர் சந்நிதியைக் கடந்து, பல்லவன் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் குடைந்த குகைக்கோயிலையும் கடந்து, திடீரென்று வெயிலில் வெளிவருகிறோம். மேலே உச்சிப்பிள்ளையார், கீழே திருச்சி முழுவதும்.

வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பிறந்தது முதல் அம்மா மண்டபத்துப் படித்துறையிலிருந்து அந்த மலையைப் பார்த்து வளர்ந்த நான், கல்லூரிக்கு வந்த பிறகுதான் அதன் உச்சிக்கு ஏறினேன். என் அம்மாவும் ஏறியதில்லை. நேரம் ஏது? சென்ற ஆண்டு ஒருநாள் வற்புறுத்தி அழைத்துப் போனேன். நானூற்றுக்கும் மேற்பட்ட படிகள். நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தார். உச்சிக்கு வந்ததும் சாமியைக் கும்பிட்டார். பிறகு சுவரோரம் வந்து நின்று அவர் கேட்ட முதற் கேள்வி, "நம்ம வீடு எங்கடா இருக்கு?"

வீடு தெரியவில்லை. ராஜகோபுரம் தெரிந்தது. அதிலிருந்து ஆற்றை நோக்கி விரலால் கோடு இழுத்துக் காட்டினேன். அம்மா தாமும் விரலை நீட்டி, பூ மார்க்கெட்டிலிருந்து வீடு, வீட்டிலிருந்து கோயில் வாசல் என்று காற்றில் கோடு போட்டுப் பார்த்தார். "தினமும் இவ்வளவு தூரமா நடக்கிறேன்?" என்றார். அதன்பின் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அங்கேதான் என் மூன்றாம் பதில் கிடைத்தது. திறந்தவெளி நமக்குப் பிடிப்பது அழகுக்காக மட்டுமன்று. நாம் எங்கே இருந்தோம், எவ்வளவு கடந்தோம், இன்னும் எங்கே போக வேண்டும் என்பதை அது ஒரே பார்வையில் காட்டுகிறது. தாழ்வாரத்தில் நடப்பவனுக்கு அடுத்த கதவு மட்டுமே தெரியும். மதில்மேல் நிற்பவனுக்குத்தான் தான் வந்த கோட்டை முழுவதும் தெரியும். 2011இல் வந்த 'டார்க் சோல்ஸ்' விளையாட்டைப் பிறர் ஆடக் காணொளியில் பார்த்திருக்கிறேன். அதை ஆடும் கருவி வாங்க எங்களிடம் வசதியில்லை. அதில் பொறிகள் நிறைந்த ஓர் இருட்டுக் கோட்டையைத் தட்டுத்தடுமாறிக் கடந்தவன், மாலை வெயிலில் குளிக்கும் ஒரு மாநகரத்தின் முன்னே நிற்பான். அதே நிறுவனம் 2022இல் வெளியிட்ட 'எல்டன் ரிங்' விளையாட்டில் நிலத்தடிக் கல்லறையிலிருந்து கதவைத் தள்ளி வெளியே வந்ததும், வானளாவிய பொன்மரம் தொலைவில் ஒளிரும். போக வேண்டிய இடத்தை முதலிலேயே காட்டிவிடுகிறார்கள்.

ஆகவே என் கருத்து இது: தொடக்கம் முதல் முடிவு வரை திறந்தவெளியாகவே இருக்கும் விளையாட்டில் இந்த இன்பம் கிடைக்காது. இருட்டைக் கடக்காதவனுக்கு வெளிச்சம் வெறும் வெளிச்சம்தான். விசைப்படகில் வந்து உச்சியில் இறங்குபவனுக்கும் படியேறி வந்தவனுக்கும் காட்சி ஒன்றே. ஆனால் அதன் பொருள் ஒன்றன்று என்று சொல்ல நினைத்தேன். மலைக்கு விசைப்படகு ஏது என்று நண்பன் கேலி செய்தான். ஹெலிகாப்டர் என்று திருத்திக்கொள்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போன்றவர்கள் இக்கல்லூரியில் நூற்றுக்கணக்கில் இருக்கிறோம். படிப்பு என்பது எங்களுக்கு அடுத்த கதவு மட்டுமே தெரியும் தாழ்வாரம். அடுத்த தேர்வு, அடுத்த கட்டணம், அடுத்த உதவித்தொகை விண்ணப்பம். எங்கே போகிறோம் என்று வழிகாட்ட வீட்டில் முன்னே போனவர் இல்லை. பாடத்திற்கு நடுவே, 'இதைப் படித்தவர்கள் எங்கெல்லாம் போயிருக்கிறார்கள் தெரியுமா?' என்று ஓர் ஆசிரியர் பத்து நிமிடம் பேசினால், அந்தப் பத்து நிமிடம் எங்களுக்கு மதில்மேல் கிடைத்த காற்று. ஆசிரியப் பெருமக்களே, அந்தப் பத்து நிமிடத்தை வீண் என்று எண்ணிவிடாதீர்கள்.

மாணவ நண்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். செல்போன் வானத்தோடு நின்றுவிடாதீர்கள். ஊரடங்கில் அது எனக்கு உதவியது உண்மை. ஆனால் அதில் காற்றில்லை. அதில் என் வீட்டைத் தேட முடியாது. கணினி பயிலும் நண்பர்கள் இன்னொன்றும் செய்யலாம். புனே நகரத்து இளைஞர்கள் ராஜஸ்தான் கோட்டைகளின் சாயலில் 'ராஜி' என்ற விளையாட்டை 2020இல் வெளியிட்டார்கள். கோடாட், பிளெண்டர் போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. டிராகுலாவின் கோட்டையையே எத்தனை நாள் சுற்றி வருவது? பாறையைக் குடைந்த படிகளில் தொடங்கி, உச்சியில் காவிரியையும் கொள்ளிடத்தையும் ஒருசேரக் காட்டும் ஒரு கட்டத்தை நம்மில் ஒருவர் அமைத்தால் என்ன?

அமைக்கும்போது ஒரு வேண்டுகோள். உச்சியில் நிற்பவர் தம் வீட்டைத் தேடிப் பார்க்கச் சற்று நேரம் கொடுங்கள். அந்த இடத்தில் மட்டும் எந்த அரக்கனையும் அனுப்ப வேண்டாம்.