பொதுப்பணத்து மைல்களும் தொலைபேசியின் மறுமுனையும்

மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2017 ஜூலை 13 அன்று வெளியிட்ட பயணப்படிக் குறிப்பாணையில் ஒரு சிறு பத்தி உண்டு. அலுவல் பயணத்திற்காக வாங்கிய விமானச் சீட்டுகளால் ஊழியரின் கணக்கில் சேரும் மைல் புள்ளிகளை அந்தந்தத் துறை தன் பிற அலுவல் பயணங்களுக்கே பயன்படுத்த வேண்டும். சொந்தப் பயணத்திற்கு எடுத்துக்கொண்டால் துறை நடவடிக்கை பாயும். அரசுப் பணத்தால் விளைந்த பயன் அரசையே சேர வேண்டும். இதுவே அதன் சாரம். அதே குறிப்பாணையில் எந்த ஊதிய நிலைக்கு எந்த வகுப்பு, டாக்சிக் கட்டணம் எவ்வளவு என்பதை வரி வரியாகத் தேடிப் படிக்கும் கல்வியாளர் சமூகம், இப்பத்தியை மட்டும் கண்ணில் படாதது போலக் கடந்து செல்கிறது. கருத்தரங்குக்கும் ஆய்வுக்குழுக் கூட்டத்திற்கும் தேர்வுக்குழுவுக்கும் பறந்து சேர்த்த மைல்கள் கோடை விடுமுறையில் குடும்பத்துடன் சிங்கப்பூர் செல்லும் சீட்டுகளாக மாறுவதைத் துறை அறைகளில் எவரும் குற்றமாகப் பேசுவதில்லை. கெட்டிக்காரத்தனமாகவே பேசுகின்றனர்.

பெங்களூரின் அடுகோடியை எடுத்துக்கொள்வோம். 1923இல் தொடங்கி, 1927இல் காந்தி வந்து தங்கி மாடு வளர்ப்பின் முறைகளைக் கற்றுச் சென்ற பால்பண்ணை ஆய்வு நிலையம் அங்கேதான் இருக்கிறது. 1995இல் நிறுவப்பட்ட தேசிய விலங்கு ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனமும் அங்கேதான். ஓசூர் சாலையில் சற்றுத் தள்ளி நிம்ஹான்ஸ்; கோரமங்கலாப் பக்கம் திரும்பினால் இந்திய வானியற்பியல் நிறுவனம். நடந்தே சுற்றிவரக்கூடிய இந்த வட்டத்தில் மத்திய அரசின் பணத்தில் ஆய்வு செய்யும் வளாகங்கள் இத்தனை. இவற்றில் எவரேனும் விதியை மீறினார் என்பது இங்குள்ள வாதமன்று. விதி யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் அடர்ந்து வாழும் இடம் இது என்பதே செய்தி. அதே சாலையில் போஷ் வளாகமும் நிற்கிறது. தனியார் நிறுவனத்தில் மைல் யாருக்கு என்பது முதலாளியும் ஊழியரும் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டியது. அதில் ஊரார்க்கு வேலையில்லை. பொதுப்பணம் என்று வரும்போது கணக்கு மாறுகிறது.

விதி செத்த எழுத்தாய்ப் போனதற்குக் கல்வியாளரின் ஆசை மட்டும் காரணமன்று. விதியை எழுதியவர்கள் மைல் சீட்டு எப்படிக் கிடைக்கிறது என்பதை ஒரு முறையேனும் தொலைபேசியில் முயன்று பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

ஏர் இந்தியா 2014 ஜூலை 11 அன்று ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் சேர்ந்தது. அன்று முதல் அதன் கணக்கில் சேர்ந்த புள்ளிகளைக் கொண்டு லுஃப்தான்சாவிலோ சிங்கப்பூர் ஏர்லைன்சிலோ இருக்கை பெற வழி உண்டு. அயல்நாட்டுக் கருத்தரங்குக்குச் செல்பவருக்கு மைல்களின் உண்மையான மதிப்பு இத்தகைய கூட்டாளி விமானங்களில்தான் உள்ளது. ஆனால் கூட்டாளி நிறுவனம் தன் விமானத்தின் எல்லா இருக்கைகளையும் மைலுக்குத் திறந்து வைப்பதில்லை. ஸ்டார் கூட்டணியில் சாதாரண வகுப்புக்கு 'எக்ஸ்' என்றும் வணிக வகுப்புக்கு 'ஐ' என்றும் தனிக் கட்டண எழுத்துகள் உண்டு. அந்த எழுத்தின்கீழ் எத்தனை இருக்கை விடப்பட்டதோ அத்தனைதான். அவையும் புள்ளி வழங்கிய நிறுவனத்தின் இணையத் திரையில் எப்போதும் தெரிவதில்லை. தெரிந்தாலும் சில நேரம் அவை பேய் இருக்கைகள்: பணம் கட்டும் கட்டத்தில் மறைந்துவிடும். இரண்டு மூன்று நிறுவனங்களின் விமானங்களைக் கோத்துப் பயணம் அமைக்க வேண்டுமெனில் திரை பல நேரம் கைவிரித்துவிடும். அப்போது எஞ்சுவது தொலைபேசி.

தொலைபேசியில் நடப்பதை அறியாதவர்க்காகச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அழைப்பவர் முதலில் உறுப்பினர் எண்ணையும் பிறந்த தேதியையும் சொல்ல வேண்டும். பதிவு செய்த கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணையும் பெரும்பாலும் கேட்பார்கள். பிறகு எந்த நாள், எந்த விமான எண், எங்கே மாறுவது என்பதைத் தாமே தேடி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய்ச் சொல்ல வேண்டும். பொதுவாக 'ஐரோப்பாவுக்கு ஏதாவது உண்டா' என்று கேட்பவருக்கு 'இல்லை' என்ற விடை எளிதாகக் கிடைக்கும். முகவர் கூட்டாளி நிறுவனத்தின் கணினிக்குக் கோரிக்கை அனுப்புவார். உறுதி வரும்வரை இசை கேட்டுக்கொண்டிருக்கலாம். முன்பதிவுக் குறி கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். அது வெறும் முன்பதிவுதான். கூட்டாளி நிறுவனத்தின் கணினியில் அதற்கு வேறொரு குறி இருக்கும். இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். புள்ளிகள் கழிந்து, வரியும் சில நிறுவனங்கள் சுமத்தும் எரிபொருள் மேல்கட்டணமும் அட்டை வழியே செலுத்தப்பட்டு, 13 இலக்கச் சீட்டு எண் வந்த பின்னரே சீட்டு. பறப்பது லுஃப்தான்சாவே ஆனாலும், சீட்டை வழங்கியது ஏர் இந்தியா என்றால் எண் 098 என்றே தொடங்கும். அந்த எண் வராமல் விமான நிலையத்துக்குப் போனவர் பெட்டியுடன் வீடு திரும்ப நேரலாம்.

இங்கே மறுமுனையில் இருப்பவரைப் பழிப்பது நம் வழக்கம். இருபதாண்டுகளுக்கு மேலாக உலகத்தின் தொலைபேசிக்கு விடை சொல்லிவரும் பெங்களூரில் வாழ்வோர்க்கேனும் அது கூடாது. 2009இல் அமெரிக்காவின் டெல்டா நிறுவனம், வாடிக்கையாளர்க்குப் பிடிக்கவில்லை என்று காரணம் காட்டி, இந்தியக் கால் சென்டர்களுக்கு அழைப்புகளை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. இருக்கையை ஒளித்து வைத்தது நிறுவனம். வசை வாங்கியது இரவு வேலை பார்த்த இளைஞர்.

இப்போது குறிப்பாணைக்குத் திரும்பலாம். இந்த அழைப்பை யார் செய்ய முடியும்? கணக்குக்கு உரிய உறுப்பினர் மட்டும். கடவெண் அவர் கைபேசிக்குத்தான் வரும். மைல்களின் உரிமையாளர் என்று குறிப்பாணை கூறும் 'துறை'க்கு விமான நிறுவனத்தின் ஏட்டில் பெயரே இல்லை. நிறுவனத்தின் நிபந்தனைகளோ புள்ளி உறுப்பினருக்கே உரியது, பிறர்க்கு விற்கக்கூடாது என்கின்றன. ஆக, ஒருவருக்குச் சொத்தைக் கொடுத்துவிட்டுச் சாவியை மற்றொருவர் சட்டைப்பையில் வைத்திருக்கிறது அரசு. அதோடு நில்லாமல், 2022 ஜூன் 16 அன்று அதே செலவினத் துறை இன்னொரு குறிப்பாணையில், அலுவல் பயணச் சீட்டுகளை பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. என்னும் மூன்று முகமைகளிடமே வாங்க வேண்டும் என்றது. மைல் சீட்டு இம்மூவரிடமும் கிடைக்காது. மைலை அலுவல் பயணத்திற்கே பயன்படுத்து என்கிறது ஓர் ஆணை. அலுவல் பயணச் சீட்டை இங்கே மட்டும் வாங்கு என்கிறது மற்றொன்று. விதியை மதிக்க விரும்பும் நேர்மையான பேராசிரியர் ஒருவர் மைல் சீட்டில் சென்று, அதன் வரித்தொகையை மட்டும் திரும்பக் கேட்டால், கணக்குப் பிரிவு அவரைச் சந்தேகத்துடன் பார்க்கும். கேட்காமல் மைல்களைத் தம் குடும்பத்துக்குச் செலவிட்டவரை எவரும் பார்ப்பதில்லை.

'பறந்து களைத்தது என் உடல். மைல் எனக்கே' என்பது வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம். தூரத்தைக் கணக்கிட்டுப் புள்ளி கொடுத்த காலத்தில் அதற்கு ஒரு முகம் இருந்தது. 2024 ஏப்ரலில் ஏர் இந்தியா தன் திட்டத்தை மாற்றி, செலவிட்ட தொகைக்கு ஏற்பப் புள்ளி வழங்கத் தொடங்கியது. இனி ஒவ்வொரு புள்ளியும் செலவான ரூபாயையே சுட்டும். களைப்பு அந்தக் கணக்கில் வருவதில்லை. விலை கூடிய சீட்டுக்குக் கூடுதல் புள்ளி என்னும்போது, மிகக் குறைந்த கட்டணத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற அரசு விதியும் பயணியின் சொந்த ஆதாயமும் நேர் எதிராக நிற்கின்றன. இதை முரண்நலன் என்று வேறு இடங்களில் கட்டுரை எழுதுவோர் தம் சொந்தச் சீட்டில் அதைக் காண மறுப்பது வியப்பே.

அமெரிக்காவைக் காட்டுவோரும் உண்டு. அங்கும் மைல்கள் அரசுக்குரியவை என்றே விதி இருந்தது. நிர்வகிப்பது இயலாமற்போகவே, 2001 டிசம்பரில் சட்டமியற்றி ஊழியர்களே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அது வெளிப்படையான முடிவு. ஊதியத்தின் ஒரு பகுதி என்று ஒப்புக்கொண்ட முடிவு. ஜெர்மனியில் வேறு கதை. 2002 கோடையில், நாடாளுமன்றப் பணியில் சேர்த்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குச் செலவிட்டது வெளியானதும் பெர்லின் மாநில அரசில் பொருளாதாரப் பொறுப்பில் இருந்த கிரேகர் கீசி பதவி விலகினார். பசுமைக் கட்சியின் செம் ஓஸ்டெமிரும் அதே புயலில் தம் பொறுப்பைத் துறந்தார். இரண்டில் எதையேனும் இந்தியா தேர்ந்துகொள்ளட்டும். விதியை ஏட்டில் ஜெர்மனியாகவும் நடப்பில் அமெரிக்காவாகவும் வைத்திருப்பது மட்டும் ஏற்க முடியாதது.

'சில்லறைக்கு இவ்வளவு ஆரவாரமா' என்று கேட்போர் ஆய்வு மாணவரிடம் பேசிப் பார்க்கலாம். 2023 முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதுவும் மாதந்தோறும் வந்தால். ஐரோப்பாவுக்குச் சென்று திரும்பும் சாதாரணச் சீட்டு ஒன்று ஒரு மாத உதவித்தொகையை விழுங்கிவிட்டு மேலும் கேட்கும். கட்டுரை ஏற்கப்பட்ட பின் பயண நிதி வராமல் திரையில் மட்டும் தோன்றிப் பேசிய மாணவர்கள் எல்லாத் துறையிலும் உண்டு. அதே துறையில் வழிகாட்டியின் கணக்கில் அதே ஆய்வுத் திட்டப் பணத்தால் விளைந்த புள்ளிகள் கிடக்கும். கிடப்பதும் பாதுகாப்பன்று. பெங்களூரிலேயே பதிவு அலுவலகம் கொண்டிருந்த கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியபோது அதன் கிங் கிளப் மைல்களைக் கொண்டு ஒரு பேருந்துச் சீட்டும் வாங்க முடியாமற்போனது. நிறுவனம் பிழைத்திருந்தாலும், ஓர் இருக்கைக்கு எத்தனை புள்ளி என்பதை அது தன் விருப்பப்படி உயர்த்தலாம்.

செய்யக்கூடியது பெரிய புரட்சியன்று. பல திட்டங்களில் உறுப்பினர் தம் புள்ளியால் பிறர் பெயரில் சீட்டு எடுக்கலாம். சிலவற்றில் பெயரை முன்கூட்டியே பதிய வேண்டும், கிரிஸ்ஃப்ளையரில் ஐந்து பேர் வரை. கட்டுரை ஏற்கப்பட்ட மாணவரை அவ்வாறு பதிந்து, துறை அலுவலரும் மாணவரும் உடனிருக்கப் பேராசிரியர் ஒருமணி நேரம் தொலைபேசியில் அமரட்டும். வரித்தொகை திட்டத்தின் பயணத் தலைப்பிலிருந்து போகட்டும். சிங்கப்பூர் ஏர்லைன்சின் ஹைஃப்ளையர் போல நிறுவனத்தின் பெயரிலேயே புள்ளி சேரும் திட்டங்களையும் நிர்வாகங்கள் ஆராயலாம். மூன்று முகமை விதியிலிருந்து மைல் சீட்டுக்கு விலக்களிக்கச் செலவினத் துறை ஒரு வரி எழுதினால் போதும்.

அந்த வரி வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. பயணப்படிப் படிவத்தில் 'இப்பயணத்தால் சேர்ந்த புள்ளிகள்', 'முன்பு சேர்ந்தவற்றைப் பயன்படுத்திய விவரம்' என்று இரண்டு கட்டங்களைச் சேர்க்கவும், ஆண்டுக்கொரு முறை கணக்கறிக்கையின் நகலை இணைக்கச் சொல்லவும் ஒரு நிறுவனத்தின் இயக்குநர் கையெழுத்திட்ட சுற்றறிக்கை போதுமானது.