கம்பியில்லா வெப்பமானி: ஜொகூரில் அதற்கு எங்கே வேலை?

ஜொகூர் – சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. அதிலிருந்து இங்கே பேச்செல்லாம் தரவு மையங்களைப் பற்றித்தான். அவற்றின் சூட்டைத் தணிக்க எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம் என்று கணக்குப் போடுகிறோம். ஆனால், அதே மண்டலத்தில்தான் பாசிர் கூடாங்கும் பெங்கெராங்கும் இருக்கின்றன. எண்ணெய், இரசாயன ஆலைகள் நிறைந்த அந்த இடங்களில் சூட்டைத் தவறாக அளந்தால் உயிருக்கே ஆபத்து.

அளப்பதில் என்ன சிரமம்? தெர்மோகப்பிளுக்குக் கம்பி வேண்டும். சுழலும் பாகத்தில் கம்பி நிற்காது. கோவிட் காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த அகச்சிவப்புக் கருவிக்கு இடையில் நீராவியும் தூசும் இருக்கக்கூடாது. கம்பியில்லா உணரிகளிலோ பேட்டரியும் மின்னணுச் சில்லும் இருக்கும். சாதாரணச் சில்லுகள் 125 பாகை செல்சியசைத் தாண்டினாலே திணறும்.

இங்கேதான் நுண்ணலை ஒத்ததிர்வி கைகொடுக்கிறது. பறையைத் தீயில் காட்டினால் தோல் இறுகிச் சுருதி ஏறும். சுருதியைக் கேட்டே பறை எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று வாசிப்பவர் சொல்லிவிடுவார். ஒத்ததிர்வியும் அப்படித்தான். அலுமினா போன்ற பீங்கான் துண்டு ஒன்றுக்குச் சொந்தமாக ஓர் அதிர்வெண் உண்டு. வெளியிலிருந்து நுண்ணலையை அனுப்பினால், அந்த அதிர்வெண்ணில் மட்டும் பலமாகப் பதில் கொடுக்கும். ஆனால், பறைக்கு நேர்மாறாக, சூடு ஏற ஏற அலுமினாவின் சுருதி இறங்கும்: பாகைக்குப் பத்து லட்சத்தில் சுமார் 60 பங்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ் துண்டில் அது ஏறத்தாழ 1,44,000 ஹெர்ட்ஸ். கருவிக்கு இந்த மாற்றம் தெளிவாகத் தெரியும். பேட்டரி இல்லை, சில்லு இல்லை. 1000 பாகையிலும் பீங்கானுக்கு ஒன்றும் ஆகாது.

மின்சாரமே இல்லாமல் பதில் சொல்லும் பொருள் புதிதல்ல. 1945-இல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்குப் பரிசளித்த மரச் சின்னத்துக்குள் சோவியத் உளவுத்துறை இப்படியொரு ஒத்ததிர்வியை ஒளித்து வைத்தது. 1952 வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை!

குறைகளும் உண்டு. பதில் சமிக்ஞை பலவீனமானது என்பதால் படிப்பான் அருகிலேயே இருக்க வேண்டும். ஈரமும் பக்கத்து உலோகமும்கூட அதிர்வெண்ணை நகர்த்தும். அதனால் இரண்டு ஒத்ததிர்விகளை வைத்து வித்தியாசத்தைப் பார்க்கிறார்கள். ஆலையின் இரும்புக் காட்டில் இது எவ்வளவு நம்பகமாக வேலை செய்யும் என்பதை ஆலைக்குள் வைத்துத்தான் சோதிக்க முடியும்.

தரவு மையத்துக்கு இது அவ்வளவாகத் தேவையில்லை என்பது என் கருத்து. அங்கே ஒவ்வொரு செயலியிலும் வெப்ப உணரி ஏற்கெனவே இருக்கிறது. பாசிர் கூடாங்கின் உலைகளுக்கும் சுழலும் எந்திரங்களுக்கும்தான் இது தேவை. ஸ்கூடாயில் யூடிஎம்முக்குக் கம்பியில்லாத் தொடர்பியல் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கிருந்து பாசிர் கூடாங் காரில் ஒரு மணி நேரம்கூட இல்லை. மண்டலத்துக்கு வரும் நிறுவனங்களுக்கு வரிச்சலுகை தரும் அரசு, ஆலையின் ஒரு மூலையை மாணவர்களின் சோதனைக்கு ஒதுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேர்க்கலாமே. இல்லையென்றால் உணரியையும் வெளிநாட்டிலிருந்து வாங்குவோம். அதைப் பழுதுபார்க்கவும் அங்கிருந்தே ஆள் வருவார்.

படிவம் 4 மாணவர்களுக்கு ஒரு தகவல்: உங்கள் இயற்பியல் பாடநூலில் வெப்பம் 4-ஆவது பாடம், ஒத்ததிர்வு வரும் அலைகள் 5-ஆவது பாடம். இந்த உணரிக்கு அந்த இரண்டும் வேண்டும்.