குதிரை வாங்கும்போது பார்க்க வேண்டியது சுழியா, குளம்பா?

ஜவ்வாது மலையில் சாமை, புளி, பலா என்று விளைச்சலுக்குக் குறைவில்லை. ஜமுனாமரத்தூர் வரை பஸ் போகிறது. ஆனால் மலைக்குள்ளே ஒழுங்கான பாதை இல்லாத குக்கிராமங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு மூட்டையைக் கீழே கொண்டுவருவதே ஒரு நாள் வேலை.

இந்த மாதிரி இடங்களுக்குப் பொதி சுமக்கும் குதிரை புதிதல்ல. திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே உள்ள மலையூருக்குத் தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரமே குதிரை முதுகில்தான் போயிருக்கிறது. சரி, ஒரு மலை விவசாயி கையில் இருக்கிற காசைப் போட்டு ஒரு குதிரை வாங்கப் போனால், எதை முதலில் பார்க்கணும்?

சந்தையில் என்ன பார்க்கிறார்கள்?

ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தை, குதிரைக்குப் பேர்போனது. மார்வாரி, கத்தியவாரி என்று காதுநுனி உள்பக்கம் வளைந்த உயரமான குதிரைகளைச் சுற்றித்தான் அங்கே கூட்டம் நிற்கும். பொதுவாக நம் ஊரில் குதிரை விலை பேசும்போது நிறம், உயரம், நடை ஆகியவற்றோடு சேர்ந்து வரும் கேள்வி, "சுழி சுத்தமா இருக்கா?" என்பதுதான்.

சுழி என்பது தோலில் முடி சுற்றி வளரும் இடம். பிறக்கும்போதே அமைந்துவிடுகிறது. இன்ன இடத்தில் இருந்தால் யோகம், இன்ன இடத்தில் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்கிற நம்பிக்கை பழையது. ஆனால் சுழி மூட்டை தூக்காது. சரிவில் கால் வழுக்காமல் காப்பாற்றவும் செய்யாது. அதே குதிரையை நாளைக்கு விற்கப் போனால் வாங்க வருகிறவரும் சுழி கேட்பார் என்பது உண்மைதான். விற்பதற்காக வாங்குகிறவர் அதைப் பார்க்கட்டும். வேலைக்கு வாங்குகிறவருக்குச் சுழியால் விலை குறைந்த நல்ல குதிரை லாபம்தான்.

முதலில் கால்

மலைக்கு வாங்குகிறவர் தலையிலிருந்து பார்க்கக் கூடாது, தரையிலிருந்து பார்க்கணும். நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்க்க வேண்டும். வெடிப்பு, நாற்றம், சூடு இருக்கக் கூடாது. பிறகு கெட்டியான தரையில் நேராக ஓடவிட்டு, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் கவனிக்க வேண்டும். முன்னங்காலில் வலி இருக்கிற குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். இதைப் பார்க்க படிப்பு வேண்டாம், பொறுமை போதும்.

அடுத்தது குணம். குதிரையின் குணம் தெரிந்துதான் கடவுள் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்று ஊரில் சொல்வார்கள். ஒற்றையடிப் பாதையில் மிரளும் குதிரை, சுமையோடு ஆளையும் சேர்த்துப் பள்ளத்தில் தள்ளிவிடும். வாங்கும் முன்பே மூட்டை ஏற்றி இறக்கி, கால் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிடணும்.

மூன்றாவது பல். தானமாக வந்த மாட்டைத்தான் பல் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுக்கிற குதிரையைப் பார்த்தே ஆகணும். முன்பல்லில் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைப்பது ஏறக்குறைய இரண்டரை வயதில் தொடங்கி ஐந்து வயதில் முடிந்துவிடும். பால்பல் மிச்சம் இருக்கும் குட்டியை முழுச்சுமைக்கு வாங்குவது தப்பு.

உயரம் எதற்கு?

1965-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளின்படி மட்டக்குதிரை மீது 70 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. கோவேறு கழுதைக்கு 200 கிலோ, கழுதைக்கு 50 கிலோ. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கவும் கூடாது. எனவே 'எவ்வளவு தூக்கும்?' என்ற கேள்விக்கு வியாபாரி சொல்வது பதில் ஆகாது. சட்டம் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. சுமைதான் முக்கியம் என்றால் கல்யாண ஊர்வலத்துக்கான உயரமான குதிரையை விட்டுவிட்டுக் குட்டையான, எலும்பு கனமான மட்டக்குதிரையையோ கோவேறு கழுதையையோ பார்ப்பதே புத்திசாலித்தனம்.

வாங்கிய பிறகு யார் பார்ப்பது?

13-ம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ ஒரு விஷயத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை இங்குள்ள அரசர் பெரும் பணம் கொடுத்து வாங்குகிறார். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. காரணம், குதிரை பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. அப்படிப்பட்ட ஆட்கள் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே தடுத்தார்கள் என்றும் எழுதுகிறார். அவர் சொன்ன கணக்கில் மிகை இருக்கலாம், பாடம் பழசாகவில்லை.

குதிரைக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். வயிற்றுவலி வந்தால் அதனால் வாந்தி எடுக்க முடியாது. சில மணி நேரத்தில் உயிரே போகலாம். மனிதருக்கும் பரவக்கூடிய கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல் வாங்கவே கூடாது. லாடம் அடிக்கிறவரும் கால்நடை மருத்துவரும் எட்டாத ஊரில், எவ்வளவு நல்ல குதிரையும் நஷ்டக் கணக்குதான்.

மலைக்கு ரோடு போடுவதுதான் நிரந்தரத் தீர்வு, அதில் சந்தேகமில்லை. அது வரும்வரை, கால்நடை பராமரிப்புத் துறை மலைக் கிராம இளைஞர்களுக்குக் குளம்பு சீவவும் லாடம் அடிக்கவும் பயிற்சி கொடுக்கலாம். வாங்கப் போகிறவரும் விலை பேசும் முன் தன் ஊரைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: குளம்பு சீவ யார் வருவார்? ராத்திரியில் வயிறு வலித்தால் டாக்டர் எவ்வளவு தூரம்? இதற்குப் பதில் இருந்தால் கால், குணம், பல் என்ற வரிசையில் பார்க்கலாம். நிறமும் சுழியும் அதற்கப்புறம்.