யார் தலைக்கு இந்தக் கண்ணாடி?

விலை இறங்கட்டும், ஜனங்கள் தாமே வந்து வாங்குவார்கள் என்று வியாபாரப் பத்திரிகைகளில் ஒரு ஜோசியம் பலமாக ஓதப்படுகிறது. எதை வாங்குவார்களாம்? மிக்ஸட் ரியாலிட்டி ஹெட்செட் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அந்தத் தலைக்கண்ணாடியை! அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்து முகப்பேரில் குடியிருக்கும் பிட்டரும், பாடியில் மெக்கானிக் கடை வைத்திருப்பவரும், அடுக்குமாடி வீடுகளுக்குப் பாத்திரம் துலக்கப் போகும் பெண்ணும் இன்னும் சில வருஷங்களில் இதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்களாம். செல்போன் வந்தபோதும் இப்படித்தானே சந்தேகப்பட்டீர்கள் என்று நம் வாயை அடைக்கவும் பார்க்கிறார்கள். தொழிற்பேட்டையிலேயே எழுந்துவிட்ட கணினிக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பையன்களும் இதையே திருப்பிச் சொல்லுகிறார்கள். ஆகவே பதில் சொல்லாமல் விட முடியாது.

முதலில் சாமான் என்ன என்று பார்ப்போம். கண்ணை முழுக்க மூடுகிற ஒரு பெட்டி. உள்ளே கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சிறு திரைகள். முன்பக்கத்துக் காமிராக்கள் எதிரில் இருப்பதைப் படம் பிடித்து அந்தத் திரையில் காட்டுகின்றன. அதன்மேல் யந்திரம் தன் உருவங்களையும் எழுத்துக்களையும் ஒட்டிக் காட்டுகிறது. நம் வீட்டுச் சுவரிலேயே சினிமா ஓடுவதுபோலத் தெரியும். மேஜைமேல் ஒரு மோட்டார் எஞ்சின் பாகம் பாகமாகப் பிரிந்து நிற்பதுபோலத் தெரியும். வித்தை பெரிய வித்தைதான். இதைச் செய்த எஞ்சினீயர்களின் திறமையை நாம் குறைத்துப் பேசவில்லை.

விலையைக் கேளுங்கள். ஆப்பிள் கம்பெனியின் விஷன் புரோ 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது 3,499 டாலர். நம் பணத்தில் சுமார் 3 லட்சம் ரூபாய்; சுங்கமும் வரியும் இதில் சேரவில்லை. மூக்குக்கண்ணாடி போட்டவர் அதன்மேல் இதை மாட்ட முடியாது. உள்ளே பொருத்துகிற தனி லென்ஸுக்கு இன்னும் 149 டாலர். அந்த வருஷம் நாடு நாடாக விற்பனையைத் திறந்தார்கள். அந்தப் பட்டியலில் இந்தியாவின் பெயர் இல்லை. அந்த விலையில் இது வெகுஜனச் சரக்கல்ல, முந்திக்கொண்டு வாங்குகிறவர்களுக்கானது என்று 2024 அக்டோபரில் கம்பெனித் தலைவர் டிம் குக்கே ஒப்புக்கொண்டார். விற்கிறவரே ஒப்புக்கொண்டதை நம்மூர் ஜோசியர்கள் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்!

2025 அக்டோபரில் சாம்சங் கம்பெனி காலக்ஸி எக்ஸ்.ஆர். என்று ஒன்றை 1,799 டாலருக்குக் கொண்டுவந்தது. பாதி விலைக்கு வந்துவிட்டது பார் என்றார்கள். சாம்சங் என்ற பெயர் நமக்குப் புதிதா? டி.வி.யும் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்யும் சுங்குவார்சத்திரம் தொழிலாளிகள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதே கம்பெனிதான். அவர்களுடைய சராசரிச் சம்பளம் மாதம் 25,000 ரூபாய் என்று அன்று பத்திரிகைகள் எழுதின. நகரத்துச் சுற்றுவட்டாரத்தில் இது மோசமான சம்பளமல்ல. காண்டிராக்ட் தொழிலாளிக்கு இது கனவு. அந்த நல்ல சம்பளக்காரர் ஒரு வேளை டீகூடக் குடிக்காமல் ஆறு மாதத்துக்கும் மேலான சம்பளத்தை அப்படியே எடுத்துவைத்தால் தன் முதலாளி செய்த கண்ணாடியை வாங்கலாம். ஆப்பிள் கண்ணாடி வேண்டுமென்றால் முழுசாக ஒரு வருஷம். சங்கத்தை அங்கீகரி என்று கேட்கவே 37 நாள் வெயிலில் உட்காரவேண்டியிருந்த மனிதனைப் பார்த்து, நீதான் நாளைய வாடிக்கையாளன் என்கிறார்கள்.

மலிவானதும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மெட்டா கம்பெனியின் குவெஸ்ட் 3எஸ் 2024 அக்டோபரில் 299 டாலருக்கு வந்தது. அதைவிட மலிவாக, செல்போனையே உள்ளே செருகி மாட்டிக்கொள்ளும் ஜியோடைவ் என்ற சாமானை ரிலையன்ஸ் கம்பெனி 2023-ல் 1,299 ரூபாய்க்கே கொடுத்தது. வெளியுலகம் தெரியாத எளிய வகைதான் அது. என்றாலும் கிரிக்கெட்டை மைதானத்தில் உட்கார்ந்து பார்ப்பதுபோலக் காட்டும் என்று விளம்பரம். ஒரு ஜோடி நல்ல செருப்பு விலை! முகப்பேர் கிழக்கிலும் மேற்கிலும் ஏரித் திட்டத்திலும் நிதிக்காகவும் கையெழுத்துக்காகவும் படி ஏறி இறங்குகிறவர்கள் நாம். கிரைண்டர் இல்லாத வீட்டைப் பார்த்திருக்கிறோம், பெரிய டி.வி. இல்லாத வீட்டைக் காண்பது அரிது. இந்தக் கண்ணாடியை ஒரு வீட்டிலும் நாம் கண்டதில்லை. ஆகவே விலை மட்டும்தான் குறுக்கே நிற்கிறது என்ற வாதம் அந்த 1,299 ரூபாயிலேயே செத்துவிட்டது.

பின் எது குறுக்கே நிற்கிறது? வீடு நிற்கிறது, ஐயா, வீடு!

குவெஸ்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடமாடுவதற்கு, ஆறரை அடிக்கு ஆறரை அடி வெற்றிடம் வேண்டும் என்று கம்பெனியே சொல்லுகிறது. முகப்பேரில் ஒரு போர்ஷனுக்குள் போய்ப் பாருங்கள். கட்டில், பீரோ, அரிசி டிரம், பையனின் சைக்கிள், சுருட்டி வைத்த பாய். இதற்கு நடுவே பாட்டி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஆறரை அடிச் சதுரத்தை எங்கே வெட்டி எடுப்பது? 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே விடுதியில் தங்கியிருந்த பாக்ஸ்கான் பெண் தொழிலாளிகள் கெட்ட உணவால் நோயுற்று, 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, தோழிகள் பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தபோதுதான், ஒரே அறையில் கூட்டம் கூட்டமாகத் தரையில் படுத்திருந்த அவர்கள் நிலை உலகத்துக்குத் தெரிந்தது. ஆப்பிள் போனைச் செய்கிற கைகள் அவை. அந்த அறைக்குள் எந்தச் சுவரில் சினிமா காட்டப் போகிறார்கள்?

இன்னொன்று கேளுங்கள். விஷன் புரோ வேலை செய்வதற்கு ஆப்பிள் விதித்திருக்கும் வெப்ப அளவு பூஜ்யம் முதல் 30 டிகிரி வரை. சென்னையில் சித்திரை வைகாசியில் விடியற்காலையில்கூட அதற்கு உத்தரவாதம் கிடையாது. மே மாதம் முகப்பேரின் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், அறுநூறு கிராமுக்கு மேல் கனத்தை நெற்றியில் கட்டிக்கொண்டு, வியர்வை வழிய, இரண்டு மணி நேரம் ஓடும் பேட்டரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்காருகிறவரைக் கற்பனை செய்து பாருங்கள். ஏ.சி. வேண்டும், பெரிய அறை வேண்டும், தனியே உட்கார நேரம் வேண்டும். கண்ணாடியின் விலைச்சீட்டில் இவை எழுதப்படவில்லை.

தனியே என்று சொன்னோம். அதுதான் முக்கியம். டி.வி. நம் வீடுகளுக்குள் வந்தது எப்படி? ஒரு பெட்டியின் முன்னால் வீடே உட்கார்ந்தது. ஆரம்பத்தில் தெருவே உட்கார்ந்தது. இந்தக் கண்ணாடியோ ஒருவனுக்கு மட்டும் காட்டி மற்றவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறது. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்த கல்யாணத்தின் வரவேற்பை மாய உலகத்தில் நடத்தி, மறைந்துபோன பெண்ணின் தகப்பனாரையும் உருவமாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நாடெங்கும் செய்தியானது. வந்த விருந்தாளிகள் கையிலிருந்த போனிலும் கணினியிலும்தான் அதில் கலந்துகொண்டார்கள். தகப்பனைப் பார்க்க ஆசைப்பட்ட மகளின் நெஞ்சை நாம் பரிகசிக்க மாட்டோம். அந்த ஆசைகூடக் கண்ணாடி இல்லாமலே நிறைவேறியது என்பதைத்தான் குறித்துக்கொள்கிறோம்.

முகத்தில் சாமானை மாட்டிக்கொள்ள ஜனங்கள் எப்போது சம்மதிக்கிறார்கள் என்பதற்கு நம்மிடம் பழைய சாட்சியே உண்டு. 1984-ல் மை டியர் குட்டிச்சாத்தான் முப்பரிமாணப் படம் வந்தபோது கண்ணாடியை வாங்கி மாட்டி, கைதட்டி, வெளியே வரும்போது திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 2010 முதல் அதே வித்தையை வீட்டு டி.வி.யில் நுழைக்கப் பெரிய கம்பெனிகள் எல்லாம் முயன்றன, 2017-ல் எல்.ஜி.யும் சோனியும்கூடக் கையைக் கழுவிக்கொண்டன. பணக்கார நாடுகளிலேயே அது நிற்கவில்லை.

இனி செல்போன் வாதத்துக்கு வருவோம். 1995 ஜூலை 31 அன்று இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பைக் கல்கத்தாவிலிருந்து பேசியவர் யார்? மேற்கு வங்க முதலமைச்சர் தோழர் ஜோதிபாசு! புது யந்திரத்தைக் கண்டு மிரளுகிறவர்கள் என்று நம்மை ஏசுகிறவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அன்று நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். வருகிற அழைப்புக்கும் காசு. 2003-ல் வருகிற அழைப்பு இலவசமானது. அதன்பின் கொத்தனாரும் எலெக்ட்ரீஷியனும் ஆட்டோக்காரரும் ஏன் போன் வாங்கினார்கள்? வேலை அதன் வழியே வந்தது. துபாயிலிருந்து மகன் பேசினான். ஏற்கெனவே மஞ்சள் பூத்தில் கியூவில் நின்று, காசு கொடுத்துச் செய்துகொண்டிருந்த காரியத்தை அது சட்டைப்பைக்கே கொண்டுவந்தது. விலை இறங்கியது வாஸ்தவம். ஆனால் தேவை முன்னாலேயே தெருவில் காத்துக்கொண்டிருந்தது. தலைக்கண்ணாடிக்காக எந்தத் தெருவில் யார் காத்திருக்கிறார்கள்?

அப்படியானால் கம்பெனிகள் ஏன் விடாமல் திணிக்கின்றன? மெட்டா கம்பெனியின் இந்தப் பிரிவு 2022-ல் 1,370 கோடி டாலர், 2023-ல் 1,610 கோடி டாலர், 2024-ல் 1,770 கோடி டாலர் நஷ்டம் காட்டியிருக்கிறது. தர்மத்துக்காக யாரும் இப்படி இறைப்பதில்லை. இன்று செல்போனின் வாசற்படியில் ஆப்பிளும் கூகுளும் உட்கார்ந்துகொண்டு, உள்ளே விற்கும் சரக்குக்கு 30 சதவீதம் வரை கமிஷன் பிடிக்கின்றன. அடுத்த வாசற்படி எங்கே அமையும், அதில் யார் உட்காருவது என்பதுதான் போட்டி. மெட்டாவின் வருமானத்தில் ஏறக்குறைய எல்லாமே விளம்பரத்தில் வருவது. வீட்டுக்குள்ளே எது எங்கே இருக்கிறது என்று பார்க்கும் காமிராவை விளம்பர வியாபாரியின் கையில் கொடுப்பது எப்படிப்பட்ட காரியம் என்று யோசியுங்கள். மைக்ரோசாப்ட் கம்பெனியோ தன் ஹோலோலென்ஸ் கண்ணாடியோடு ராணுவத்தின் கதவைத் தட்டியது. 2021-ல் அமெரிக்க ராணுவத்தோடு 2,200 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தம். சோதனையில் சிப்பாய்களுக்கே தலைவலியும் குமட்டலும் வந்தன. 2024-ல் அந்தக் கண்ணாடியின் உற்பத்தியே நின்றது.

இதற்கெல்லாம் நம்மவர் சிலர் சொல்லும் பதிலும் நமக்குச் சம்மதமில்லை. பணக்காரன் பொம்மை, தூக்கி எறி என்கிறார்கள். பொம்மை என்று தள்ளிவிட முடியாது. வெல்டிங் பழகுகிற பையன் நூறு ராடு வீணாக்காமல், கையைச் சுட்டுக்கொள்ளாமல் டார்ச்சைப் பிடிக்கும் கோணத்தை இதில் பழகலாம். நெருப்பின் சூட்டையும் உலோகம் உருகும் விதத்தையும் நிஜ மேஜையில்தான் கற்கவேண்டும். ஆனாலும் முதல் மாதத்துக்கு இது உதவும். உயர் மின்னழுத்தப் பலகையில் வேலை செய்கிறவர், எங்கே கைவைத்தால் சாவு என்பதைச் சாகாமல் தெரிந்துகொள்ளலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் எக்ஸ்டிக் என்று இத்துறைக்கென்றே ஒரு மையம் ஏற்படுத்தியிருக்கிறார்கள்.

நம் ஊரில் இதற்கு ஒப்பான சாமான் செல்போனுமல்ல, டி.வி.யுமல்ல, டைப்ரைட்டர். எந்தக் குமாஸ்தா வீட்டில் டைப்ரைட்டர் இருந்தது? தெருமுனை இன்ஸ்டிட்யூட்டில் மாதக் கட்டணம் கட்டி, காலையில் ஒரு மணி நேரம் தட்டி, லோயரும் ஹையரும் பாஸ் செய்து எத்தனை ஏழைப் பெண்கள் வேலைக்குப் போனார்கள்! அந்த யந்திரத்தை வீட்டுக்கு வீடு தவணையில் விற்றிருந்தால் குடும்பங்கள் கடனில் மூழ்கியிருக்கும், விரல்கள் கற்றிருக்காது. இன்று செல்போனுக்கே மாதத் தவணை கட்டுகிற வீடுகள் எத்தனை என்று முகப்பேரில் எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்லுவார்.

தமிழ்நாட்டில் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதுப்பிக்க டாட்டா டெக்னாலஜீஸுடன் 2022-ல் சர்க்கார் ஒப்பந்தம் செய்தது. மொத்தம் 2,877 கோடி ரூபாய். நம் பக்கத்திலேயே அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. இப்படிப்பட்ட பயிற்சிக் கருவிகளை அங்கே வைக்கவேண்டும். பகலில் மாணவர்களுக்கு, மாலை ஆறு மணிக்குமேல் தொழிற்பேட்டையின் காண்டிராக்ட் தொழிலாளிகளுக்குக் கதவைத் திறந்துவிடவேண்டும். கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஆசிரியரும், பழுது பார்க்க ஆளும், ரிப்பேருக்குப் பணமும் முதல் நாளிலிருந்தே ஒதுக்கவேண்டும். இல்லையென்றால் பூட்டிய பீரோவுக்குள் தூசி படிந்து கிடக்கும். சான்றிதழ் பெற்றவருக்கு என்ன கூலி உயர்வு என்பதைத் தொழிற்பேட்டை முதலாளிகள் முன்கூட்டியே எழுத்தில் சொல்லட்டும்.