மூப்பில்லா வேடமும் மூப்புறும் நடிகரும்

பிறந்தநாள் என்றதும் சிறுவர் உள்ளம் துள்ளுகின்றது. முதியோர் உள்ளமோ கழிந்த ஆண்டுகளைக் கணக்கிடுகின்றது. நடிகர் வாழ்விலே இக்கணக்குச் சற்றுக் கடுமையானது. தாம் ஏற்ற வேடம் அப்படியே இருக்க, தாம் மட்டும் மூப்படைவதை அவர்கள் காணவேண்டியுள்ளது.

இங்கிலாந்திலே பீ. பீ. சி. ஸ்தாபனம் 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி ஆரம்பித்த விஞ்ஞானக் கற்பனைத் தொலைக்காட்சித் தொடர் ‘டாக்டர் ஹூ’ என்பதாகும். பொலிசாரின் தொலைபேசிக் கூண்டு போலத் தோன்றும் பொறியொன்றிலே காலத்தையும் அண்டத்தையும் கடந்து திரியும் ‘டாக்டர்’ என்னும் விசித்திரப் பிரயாணியின் கதை அது.

அவ்வேடத்தை முதலில் ஏற்ற வில்லியம் ஹார்ட்னெல் 1908 ஜனவரி 8ஆந் திகதி பிறந்தவர். தொடங்கும்பொழுது அவருக்கு வயது 55. மூன்றாண்டு நிறையுமுன் உடல்நலங் குன்றியது. வசனங்களை நினைவிற் கொள்வதும் அரிதாயிற்று. தொடரை முடித்துவிடுவதா? தயாரிப்பாளர் வேறு வழி கண்டனர். டாக்டர் நம் உலகத்தவர் அல்லர். உடல் தளர்ந்தால் புதிய உடலும் முகமும் பெறுவார் எனக் கதையை அமைத்தனர். 1966 அக்டோபரிலே ஹார்ட்னெல் தளர்ந்து விழுந்தார். அவரிடத்தே பற்றிக் ட்ரவுட்டனின் முகம் தோன்றிற்று. முதியவர் ஒருவரின் பிணியே தொடருக்கு நீண்ட ஆயுளை அளித்தது.

பின்வந்தோரின் பிறந்தநாள்களை நோக்குவோமாயின் சுவையான ஒற்றுமைகள் சில தென்படும். பீற்றர் டேவிசன் ஏப்ரல் 13. பீற்றர் கபால்டி ஏப்ரல் 14. டேவிட் டெனன்ற் ஏப்ரல் 18. மற் ஸ்மித்தும், முதற் பெண் டாக்டராகத் தொடரை நடத்திய ஜோடி விற்றேக்கரும் 1982இற் பிறந்தவர்கள். கபால்டி 2013இல் வேடமேற்றபொழுது அவருக்கும் வயது 55! ஷூட்டி கட்வாவோ 1992இற் பிறந்தவர். ஹார்ட்னெலுக்கு 84 ஆண்டு இளையவர்.

எனினும் நம் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. தொடரின் பத்தாவது பருவத்தை முன்னிட்டு, முதல் மூன்று டாக்டர்களும் தோன்றும் கதையொன்று 1972 டிசம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கிற்று. நோயுற்றிருந்த ஹார்ட்னெலை அமர்ந்தவாறே நடிக்கச் செய்தனர். அவர் இறுதியாக நடித்தது அதுவே, 1975இற் காலமானார்.

புதியவரை வரவேற்றோர், இடம்விட்டவரையும் மறக்கவில்லை. பிறந்தநாள் கொண்டாடும் நம் பிள்ளைகளும் அன்று பாட்டனார், பாட்டியார் பிறந்த நாள் எதுவெனக் கேட்டறிவார்களாக. அக்கேள்வியைவிட முதியோர்க்கு இனிய பரிசு வேறுண்டோ?