ஒரு கால் மட்டும் வீங்கினால் உருவிவிடாதீர்கள்

கரடியனாற்றிலிருந்து மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறவர் இராப்பொழுதை பஸ் இருக்கையிலேயே கழிக்க வேண்டும். காலைத் தொங்கப்போட்டு மணிக்கணக்காக அசையாமல் இருந்தால் எவருக்கும் கால் நாளத்தில் குருதி உறையலாம். புற்றுநோயாளிக்கு அந்த ஆபத்து பல மடங்கு. பிரெஞ்சு மருத்துவர் ட்ரூசோ 1865இலேயே இதைச் சொல்லிவிட்டார். இன்று அந்தக் கணக்கில், நோயெதிர்ப்புக் கலங்களைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபியையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

வெற்றிலையும் புகையிலையும் விடாத நம் ஆண்களிடம் வாய்ப்புற்றுநோய் அதிகம். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி மருந்தான பெம்ப்ரோலிசுமாப் ஊசியை அமெரிக்கா 2016இல் அனுமதித்தது. விலையோ நம்மில் பலருக்கு எட்டாதது.

டி கலங்கள் எனப்படும் நம் நோயெதிர்ப்புக் கலங்களில் பிடி-1 என்றொரு பிரேக் உண்டு. கட்டி அதை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அழுத்தப்பட்ட கலம் குளுக்கோஸை எரிக்க முடியாமல் கொழுப்பை நம்பிச் சோர்ந்து கிடக்கும். ஊசி பிரேக்கை விடுவிக்கிறது. கலம் மறுபடி குளுக்கோஸை உண்டு பெருகுகிறது. கட்டிக்கும் அதே குளுக்கோஸ்தான் தீனி என்பதால் இரண்டுக்கும் போட்டி. விழித்த கலங்கள் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்க, மொனோசைட்டுகள் என்ற வெண்குருதிக் கலங்களிலும் நாளச் சுவரிலும் ‘திசுக் காரணி’ தலைகாட்டலாம். குருதி உறைதலைத் தொடக்கிவைப்பது அதுதான். கட்டியைத் தாக்கும் வேகமே குருதியைக் கட்டியாக்கவும் கூடும்.

வியன்னாவில் இவ்வகை மருந்து பெற்ற 672 பேரைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 13 வீதத்தினருக்கு நாளங்களில் குருதி உறைந்தது. மருந்து பெறாதவர்களோடு ஒப்பிட்ட ஆய்வல்ல அது. நோய்க்கும் முந்தைய கீமோவுக்கும் இதில் பங்குண்டு. ஆகவே இந்தப் பயத்தில் ஊசியை மறுப்பதை நான் ஏற்கமாட்டேன். எல்லோருக்கும் உறைவெதிர் மருந்து கொடுப்பதையும் ஏற்கமாட்டேன். அந்த மருந்தால் வாய்ப்புற்றுப் புண்ணில் இலகுவில் இரத்தம் கசியும்.

நான் கேட்பது செலவில்லாத ஒன்று. ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் நொந்தால் அன்றே வைத்தியசாலைக்கு வர வேண்டும் என்பதை கிளினிக் கொப்பியில் தமிழில் எழுதிக் கொடுங்கள். எண்ணெய் பூசி உருவுவது நம் பக்கத்து வழக்கம். உருவினால் உறைந்த குருதிக்கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய்விடலாம். திடீரென்று மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால், 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள். மகரகமவில் ஏற்றிய மருந்தின் பெயரும் திகதியும் அதே கொப்பியில் இருந்தால், கரடியனாறு வைத்தியசாலை டொக்டர் வெறும் வீக்கம் என்று குளிசை கொடுத்து அனுப்பாமல், நாளத்து உறைவைக் காட்டும் டொப்ளர் ஸ்கேனுக்காக மட்டக்களப்புக்கு உடனே அனுப்புவார்.

— கட்டுரையாளர், குருதியியல் வைத்திய நிபுணர்