குழல் விளக்கும் அதற்கேற்ற சோக்கும்

தறிக்கூடத்தில் வெளிச்சம் குன்றினால் முதலில் நஷ்டமடைபவர் நெசவாளரே. அறுந்த இழை கண்ணுக்குத் தப்பிவிடும். சாயத்தின் பேதம் தெரியாது. சேலையை ஒப்படைக்கும்போது பிழைக்கெனக் கூலியில் கழிவு ஏற்படும். ஆகவே, குழல் விளக்கு வாங்குவதைச் சில்லறைச் செலவென்று நம் சங்கங்கள் அலட்சியம் செய்வது நியாயமன்று எனக் கருதுகிறோம்.

வழக்கமாக நடப்பது யாது? விளக்கு எரியவில்லையென்றால் கடைக்கு ஆளனுப்பி, விலை குறைந்த குழலொன்றை வாங்கி மாட்டிவிடுகிறோம். உள்ளேயிருக்கும் சோக் எவ்வகையென்று பார்ப்பதில்லை. நூலின் நம்பரைப் பாராமல் அச்சைத் தேர்ந்தெடுக்கும் நெசவாளர் நம்மில் உண்டா? விளக்கில் மட்டும் அந்த நிதானத்தை ஏன் கைவிடுகிறோம்?

குழலினுள் இருக்கும் வாயுவில் மின்சாரம் பாயத் தொடங்கியதும், தடை குறைந்து ஓட்டம் மேன்மேலும் பெருகும். அதனை அளவோடு நிறுத்துவது சோக். வாய்க்காலுக்கு மடை எவ்விதமோ, குழலுக்குச் சோக் அவ்விதம். நாலடி நீளமும் 38 மில்லிமீட்டர் பருமனும் உள்ள 40 வாட் குழலும், 26 மில்லிமீட்டர் பருமனுள்ள 36 வாட் குழலும் ஏறக்குறைய 0.43 ஆம்பியரில் எரிபவை. எனவே பழைய 40 வாட் செம்புக்கம்பிச் சோக்கில், ஸ்டார்ட்டருடன், இவ்விரண்டில் எதனையும் மாட்டலாம். 16 மில்லிமீட்டர் பருமனுள்ள 28 வாட் குழலுக்கோ 0.17 ஆம்பியரே போதும். அதற்கென அமைந்த எலெக்ட்ரானிக் சோக்கில்தான் அது எரியவேண்டும். பழைய சோக்குடன் அதனை எவ்வாறேனும் இணைத்தால் இரு மடங்குக்கு மேற்பட்ட ஓட்டம் பாய்ந்து விரைவில் கெடும்.

சோக்கின் வகை வெளிச்சத்தின் தன்மையையும் மாற்றும். செம்புச் சோக்கில் ஒளி வினாடிக்கு 100 முறை துடிக்கிறது. அவ்வொளியில் விசைத்தறியின் சுழலும் சக்கரம் நின்றிருப்பது போல் தோன்றக்கூடும்; கை நீட்டியவர் கதி என்னவாகும்? எலெக்ட்ரானிக் சோக்கில் இவ்வபாயம் மிகக் குறைவு. அன்றியும் செம்புச் சோக் தனக்கென்று சுமார் 10 வாட் மின்சாரத்தை விழுங்குகிறது.

எல்.இ.டி. குழல் வந்த பின்னர் குழப்பம் அதிகரித்துள்ளது. ஒருவகை, செம்புச் சோக்கை அப்படியே வைத்துக்கொண்டு, ஸ்டார்ட்டருக்குப் பதிலாக உடன் தரும் துண்டைப் பொருத்தி எரிப்பது. எலெக்ட்ரானிக் சோக்கில் அதனை மாட்டலாகாது. மற்றொரு வகை, சோக்கை நீக்கி நேரே மின்சாரம் கொடுப்பது. அவ்விதம் மாற்றிய பட்டியில் பின்னொருநாள் பழைய குழலை மாட்டினால் ஆபத்து நேரிடலாம். கம்பி வேலையைத் தேர்ந்த மின் பணியாளரே செய்யவேண்டும். மாற்றிய விவரத்தைப் பட்டியின் மேல் எழுதி ஒட்டவேண்டும்.

“எரிகிற விளக்கை மாற்றுவானேன்?” எனச் சில அங்கத்தினர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயின் பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் அடங்கிய நாடுகள், நாலடிக் குழல் போன்ற பாதரசக் குழல்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027ஆம் ஆண்டுடன் நிறுத்துவதென 2023இல் தீர்மானித்துள்ளன. இந்தியாவும் அதில் அடங்கும். ஆகையால் பழைய வகைப் பட்டிகளைப் புதிதாக வாங்குவது வீண் செலவு.

நமது யோசனை இது: ஒவ்வொரு சங்கமும் தன் தறிக்கூடம், கிடங்கு, பம்பு அறை ஆகியவற்றிலுள்ள சோக்குகளைக் கணக்கெடுக்கட்டும். ஒரு கூடத்துக்கு ஒரே வகை என முடிவு செய்து, ஒன்றுசேர்ந்து மொத்தமாக வாங்கட்டும். கழித்த குழல்களை உடைத்து எருக்குழியில் எறியாமல் தனியே சேர்த்து ஒப்படைக்கட்டும். அவற்றிலுள்ள பாதரசம் நம் வயலுக்கே திரும்பி வரலாகாது.

நெசவாளரின் கண்ணே அவருக்கு மூலதனம். அதனைக் காப்பது சங்கத்தின் கடமை என்பதை நிர்வாகக் குழுவினர் உணர்வார்களாக.